டர்பைன் மிகைவேகப் பாதுகாப்பு: பொறிமுறையும் மின்னணுவும் – ஒரு மதிப்பீடு

டர்பைன் மிகைவேகப் பாதுகாப்பு என்பது, நீராவியால் சுழலும் டர்பைன் (நீராவிச் சுழலி) அனுமதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டும்போது, அதற்குள் செல்லும் நீராவியை உடனே அடைத்து நிறுத்தும் ஏற்பாடு ஆகும். இது இரு வகைப்படும். டர்பைனின் தண்டிலேயே பொருத்தப்பட்ட சிறு போல்ட் ஒன்று மையவிலக்கு விசையால் வெளியே தள்ளப்பட்டு வால்வை மூடவைப்பது பொறிமுறைப் பாதுகாப்பு. வேக உணரிகளிலிருந்து வரும் மின்குறிப்புகளை ஒரு கருவி கணக்கிட்டு வால்வை மூடவைப்பது மின்னணுப் பாதுகாப்பு.

பழைய டர்பைன்களைப் புதுப்பிக்கும் ஆலைகளில் இவ்விரண்டில் எது சிறந்தது என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. போல்ட்டுக்கு மின்சாரம் வேண்டாம், ஏமாற்றாது என்பது பழைய இயக்குநர்களின் வாதம். மின்னணுக் கருவி துல்லியமானது, தன்னையே சோதித்துக்கொள்வது என்பது விற்பனையாளர்களின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கடந்த நாற்பதாண்டுகளில் நிகழ்ந்த பெரும் டர்பைன் விபத்துகளை இவ்விரு வாதங்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், இரண்டும் முக்கியமான ஓர் இடத்தைக் கவனிக்காமல் விட்டிருப்பது தெரிகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளவை போன்ற சர்க்கரை ஆலைகளுக்கு அந்த இடமே உயிர்நிலையானது.

== வட்டாரச் சூழல் ==

தீபத்துக்கும் கிரிவலத்துக்கும் பெயர்பெற்ற திருவண்ணாமலையில் பெரிய அனல்மின் நிலையம் எதுவும் இல்லை. ஆயினும் மாவட்டத்தில் இரு வகை டர்பைன்கள் சுழல்கின்றன. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் 7.5 மெகாவாட் நீர்மின் நிலையம் உள்ளது. செய்யாறு, போளூரை அடுத்த கரைப்பூண்டி, தண்டராம்பட்டு வட்டத்துக் கொளுந்தம்பட்டு ஆகிய இடங்களில் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளன. கரும்புச் சக்கையை எரித்து நீராவி உண்டாக்குவதும், அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுப்பதும், டர்பைனிலிருந்து வெளிவரும் தாழ்ந்த அழுத்த நீராவியால் சாறு காய்ச்சுவதும் சர்க்கரை ஆலைகளின் பொதுவான முறை. மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்பது இணைமின் உற்பத்தி எனப்படும்.

இவ்விரு டர்பைன்களுக்கும் இடையிலான வேறுபாடு பாதுகாப்பைப் புரிந்துகொள்ள உதவும். நீர் டர்பைனின் சுமை திடீரென விலகினால் அதன் வேகம் ஏறும்; ஆனால் பாயும் நீரின் வேகம் ஓர் எல்லைக்கு உட்பட்டது என்பதால் டர்பைனின் வேகமும் இயல்பு வேகத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை சென்று நின்றுவிடும். டர்பைனையும் மின்னாக்கியையும் அந்த வேகத்தைத் தாங்கும்படியே வடிவமைக்கிறார்கள். நீராவி டர்பைனுக்கு அந்த வசதி கிடையாது. நீராவி நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் பாய்வது. தடை இல்லாவிட்டால், சுழலும் பாகத்தின் எஃகு தாங்கும் எல்லையைத் தாண்டியே அது வேகத்தை ஏற்றிவிடும். எனவே சாத்தனூரில் வடிவமைப்பே காப்பாகிறது. சர்க்கரை ஆலையில் நீராவியை அடைக்கும் வால்வு மட்டுமே காப்பு.

== மிகைவேகம் ஏன் ஆபத்தானது ==

சுழலும் பாகத்தில் உண்டாகும் மையவிலக்குத் தகைவு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் 10 சதவீதம் கூடினால் தகைவு 21 சதவீதம் கூடும். 20 சதவீதம் கூடினால் 44 சதவீதம். வேகம் ஒன்றரை மடங்கானால் தகைவு இரண்டே கால் மடங்காகும். இதனால்தான் பெரும்பாலான டர்பைன்களில் பாதுகாப்பு இயல்பு வேகத்தின் 110 சதவீதத்தை ஒட்டிச் செயல்படும்படி அமைக்கப்படுகிறது. 3,000 சுற்றில் இயங்கும் டர்பைனுக்கு இது 3,300 சுற்று. பல்சக்கரப் பெட்டி வழியாக மின்னாக்கியைச் சுழற்றும் சிறு ஆலை டர்பைன்களின் வேகம் இதைவிடப் பல மடங்கு அதிகமாகவும் இருக்கலாம்.

மிகைவேகம் நேர்வதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றே: டர்பைனுக்குள் நீராவி வந்துகொண்டிருக்கும்போது அதன் சுமை விலகுவது. மின்கம்பியில் கோளாறு ஏற்பட்டு மின்னாக்கியின் சுற்றுமுறிப்பான் திறந்தால் சுமை ஒரு கணத்தில் இல்லாமல் போகும். அந்நிலையில் வேகம் நொடிக்கு 10 சதவீதம் அளவிலோ அதற்கு மேலோ ஏறத் தொடங்கும். வேகத்தைச் சீராக்கும் கவர்னர் முதலில் இதைத் தடுக்க வேண்டும். கவர்னர் தவறினால் மிகைவேகப் பாதுகாப்பு தடுக்க வேண்டும். அதுவும் தவறினால் அதற்குப் பின் காவல் எதுவும் இல்லை. சில நொடிகளில் இறகுகளும் தகடுகளும் உறையைத் துளைத்து வெளியேறும். உயவு எண்ணெய் தீப்பற்றும். டர்பைன் அருகில் நிற்பவருக்கு ஓட நேரம் இராது.

== பொறிமுறைப் பாதுகாப்பு ==

டர்பைன் தண்டின் முனையில் ஒரு துளையில் போல்ட் ஒன்று செருகப்பட்டிருக்கும். அதன் எடைமையம் தண்டின் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும். ஒரு வில் அதை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் 110 சதவீதத்தை எட்டும்போது மையவிலக்கு விசை வில்லின் பிடியை வெல்கிறது. போல்ட் வெளியே துள்ளி ஒரு நெம்புகோலைத் தட்டுகிறது. அந்த நெம்புகோல், வால்வைத் திறந்து வைத்திருக்கும் எண்ணெயின் அழுத்தத்தை வடியவிடுகிறது. எண்ணெய் அழுத்தம் போனதும் நிறுத்து வால்வைப் பெரிய வில் ஒன்று அடித்து மூடுகிறது. இந்தியாவில் நிறுவப்பட்ட 210 மெகாவாட் அலகுகளில், சோவியத் வடிவமைப்பின் வழிவந்தவற்றிலும் ஜெர்மானிய வடிவமைப்பின் வழிவந்தவற்றிலும், இத்தகைய இரண்டு போல்ட்டுகள் உண்டு.

இதன் பலம் அதன் எளிமை. மின்கலம் வேண்டாம், கம்பி வேண்டாம், மென்பொருள் வேண்டாம். எந்த வேகம் ஆபத்தை உண்டாக்குகிறதோ அதே வேகம்தான் போல்ட்டை இயக்கும் விசையையும் தருகிறது. கோடை இடியில் மின்சாரம் போனாலும், அறையில் வெள்ளம் புகுந்தாலும் போல்ட் தன் வேலையைச் செய்யும்.

பலவீனம், அது வேலை செய்யுமா என்பது வேலை செய்யும் வரை தெரியாது என்பதே. மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும் போல்ட், எண்ணெய்ப் பிசினாலும் துருவாலும் துளைக்குள் ஒட்டிக்கொள்ளலாம். வில் தளர்ந்தால் குறைந்த வேகத்திலேயே டர்பைன் நின்றுவிடும். போல்ட் சிக்கினால் அதிக வேகத்திலும் நிற்காது. இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உள்ளன. டர்பைனை உண்மையாகவே 110 சதவீதத்துக்கு ஓட்டிப் பார்ப்பது முதல் வழி. இது ஆபத்தைத் தவிர்ப்பதற்காக ஆபத்தின் வாசல் வரை செல்வது. ஒவ்வொரு முறையும் சுழலும் பாகத்தின் ஆயுள் சிறிது குறைகிறது. இயல்பு வேகத்திலேயே எண்ணெயைப் பீய்ச்சிப் போல்ட்டை வெளியே தள்ளிப் பார்ப்பது இரண்டாவது வழி. இதில் டர்பைன் நின்றுவிடாதிருக்க, சோதனை முடியும் வரை போல்ட்டின் தட்டல் வால்வுக்குச் செல்லாமல் தடுத்து வைக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்குப் பொறிமுறைக் காவல் இல்லை.

== மின்னணுப் பாதுகாப்பு ==

தண்டில் பொருத்திய பல்சக்கரத்தின் பற்களைக் காந்த உணரிகள் எண்ணுகின்றன. சக்கரத்தில் 60 பற்கள் இருந்தால் கணக்கு எளிது: நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் உணரியிலிருந்து நொடிக்கு 3,000 துடிப்புகள் வரும். பொதுவாக மூன்று உணரிகள், மூன்று தனித்தனிக் கணக்கிடும் சுற்றுகள் வைக்கப்படும். மூன்றில் இரண்டு, வேகம் எல்லை மீறியதாகச் சொன்னால் ரிலேக்கள் விடுபட்டு, சொலினாய்டு வால்வுகள் எண்ணெயை வடித்து, நிறுத்து வால்வை மூடவைக்கும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. 670 தரநிலை, மிகைவேகத்தைக் கண்டறியும் இந்த அமைப்பு கவர்னரிலிருந்து தனித்து இருக்க வேண்டும் என்றும், கண்டறிந்து ரிலேயை மாற்ற 40 மில்லி நொடிக்கு மேல் ஆகக்கூடாது என்றும் வரையறுக்கிறது.

மின்னணுவின் உண்மையான மேன்மை அதன் வேகத்தில் இல்லை. வேகம் நொடிக்கு 10 சதவீதம் ஏறும் டர்பைனில் 40 மில்லி நொடி என்பது வெறும் 0.4 சதவீத ஏற்றம். போல்ட்டும் எல்லை வேகத்தை எட்டிய ஒரு சுற்றுக்குள் துள்ளிவிடும். மேன்மை சோதனையில் உள்ளது. மூன்று தடங்களில் ஒன்றை மட்டும் சோதிக்கும்போது மற்ற இரண்டும் காவலில் நிற்கின்றன. டர்பைனை நிறுத்தவும் வேண்டாம், வேகத்தை ஏற்றவும் வேண்டாம். ஓர் உணரி பழுதானால் கருவியே அறிவிக்கும். எப்போது எந்த வேகத்தில் டிரிப் ஆனது என்பது பதிவில் இருக்கும். போல்ட்டால் இவற்றில் ஒன்றையும் தர முடியாது.

அதன் பலவீனம் பொதுக் காரணத் தவறு. மூன்று தடங்களும் ஒரே மின்வழங்கியிலிருந்து உயிர் பெற்றால் அவை மூன்று அல்ல, ஒன்று. மூன்று உணரிகளின் கம்பிகளும் ஒரே தட்டில் சென்றால் ஒரே தீயில் மூன்றும் போகும். அமைவில் செய்யும் தவறு இன்னும் நுட்பமானது. சக்கரத்தில் 48 பற்கள் இருக்க, கருவியில் 60 என்று பதிந்துவிட்டால், காட்டும் வேகம் உண்மையில் ஐந்தில் நான்கு பங்குதான். 3,300 என்று காட்டி டிரிப் ஆகும்போது உண்மை வேகம் 4,125-ஆக இருக்கும். மூன்று தடங்களும் ஒருமித்து அதே பொய்யைச் சொல்லும் என்பதால் மூன்றில் இரண்டு என்ற வாக்கெடுப்பு இங்கே உதவாது. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்ற கதைதான். தொடர்பில்லாத இன்னொரு கருவி, எடுத்துக்காட்டாக மின்னாக்கியின் அதிர்வெண் காட்டி, இதை அம்பலப்படுத்தும். யாரேனும் ஒப்பிட்டுப் பார்த்தால்.

== விபத்துகள் காட்டுவது ==

'''சேலம், நியூஜெர்சி, 1991.''' அமெரிக்காவின் சேலம் அணுமின் நிலைய 2-ஆம் அலகில் 1991 நவம்பர் 9 அன்று டர்பைனின் பொறிமுறைப் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகச் சோதனைக் கைப்பிடியைப் பிடித்து, பொறிமுறை டிரிப்பைத் தற்காலிகமாக விலக்கி வைத்திருந்தார்கள். இடையில் எண்ணெய் அழுத்தம் ஒரு கணம் குறைந்ததால் டர்பைன் டிரிப் ஆகி, மின்னாக்கி கட்டமைப்பிலிருந்து பிரிந்தது. பின் எண்ணெய் அழுத்தம் மீண்டபோது நீராவி வால்வுகள் மறுபடி திறந்தன. அவற்றை மூடிவைத்திருக்க வேண்டிய சொலினாய்டு வால்வுகள் அழுக்கும் துருவும் ஏறிச் சிக்கியிருந்தன. 1,800 சுற்றில் இயங்க வேண்டிய டர்பைன் சுமார் 2,900 சுற்றை எட்டி உடைந்தது; ஹைட்ரஜனும் எண்ணெயும் தீப்பிடித்தன. அதே நிலையத்தின் 1-ஆம் அலகில் இதே வகைச் சொலினாய்டுகள் சிக்கியது முந்தைய ஆண்டே தெரிந்திருந்தும், 2-ஆம் அலகில் அவற்றை மாற்றும் வேலை தள்ளிப்போடப்பட்டிருந்தது.

இந்த விபத்தைப் பொறிமுறையின் தோல்வி என்றும் சொல்லலாம், மின்வழிப் பாதுகாப்பின் தோல்வி என்றும் சொல்லலாம். நேர்ந்தது இரண்டும் சேர்ந்தது. ஒரு காவலைச் சோதனைக்காக விலக்கியபோது, மற்றொரு காவல் விழித்திருக்கிறதா என்பதை யாரும் உறுதி செய்யவில்லை.

'''நரோரா, 1993.''' உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அன்று டர்பைனின் தாழ்ந்த அழுத்தப் பகுதியில் கடைசி வரிசையின் இரண்டு இறகுகள் முறிந்தன. கடும் அதிர்வால் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ மின்கம்பிகளில் பரவி, நிலையம் சுமார் 17 மணி நேரம் முழு மின்னிழப்பில் கிடந்தது. இது மிகைவேக விபத்து அன்று. ஆனாலும் இங்கே கருதத்தக்கது, ஏனெனில் தாளில் தனித்தனியாக இருந்த மின்வழிகள் ஒரே பாதையில் சென்றதால் ஒன்றாக எரிந்தன. அன்று உலையைக் காத்தவை, ஊழியர்கள் கையால் இயக்கிய டீசல் தீயணைப்புப் பம்புகளும், இருட்டில் படியேறிக் கையால் திறந்த வால்வுகளுமே.

'''டூவா, 2011.''' தென்னாப்பிரிக்காவின் டூவா அனல்மின் நிலையத்தில் 600 மெகாவாட் 4-ஆம் அலகு, 2011 பிப்ரவரியில் மிகைவேகச் சோதனையின்போதே கட்டுப்பாட்டை மீறி, 3,000 சுற்றிலிருந்து 4,000 சுற்றைத் தாண்டிச் சிதறியது. பாதுகாப்பை மெய்ப்பிக்க நடத்திய சோதனையே பாதுகாப்பற்ற நேரமாகிவிட்டது.

'''காலைடு, 2021.''' ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் காலைடு நிலையத்தின் சி-4 அலகில், 2021 மே 25 அன்று புதிய மின்கல ஊட்டியை இணைக்கும்போது அலகின் நேர்மின் வழங்கல் முழுதும் போயிற்று. நீராவி வால்வுகள் மூடிக்கொண்டன. ஆனால் சுற்றுமுறிப்பானைத் திறக்க நேர்மின்சாரம் தேவை; அது இல்லை. உயவு எண்ணெய்ப் பம்புகளுக்கும் மின்சாரம் இல்லை. மின்னாக்கி கட்டமைப்பிலிருந்து மின்சாரம் இழுத்து மோட்டாராக மாறி, எண்ணெய் இன்றி அரைமணி நேரத்துக்கு மேல் சுழன்று டர்பைனோடு சேர்ந்து சிதைந்தது. அதன் தொடர்ச்சியாக மாநிலத்தில் சுமார் 4,70,000 வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தனர்.

காலைடு நிகழ்வு ஒரு விதியைத் தெளிவாக்குகிறது. மின்சாரம் போனால் தானே மூடும்படி அமைத்த பகுதி, மின்சாரம் போனபோது சரியாக வேலை செய்தது. மின்சாரம் இருந்தால்தான் திறக்கும் என்று அமைத்த பகுதி செயலற்று நின்றது. பாதுகாப்புக் கருவியை மதிப்பிடும்போது அது போல்ட்டா மின்னணுவா என்பதைவிட, உயிர் போகும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்பதே முதல் கேள்வி.

== விவாதம் விட்டுவிடும் இடம்: வால்வு ==

போல்ட்டும் மின்னணுக் கருவியும் வேகத்தை உணர்பவை மட்டுமே. நீராவியை அடைப்பது நிறுத்து வால்வு. இரு வழிகளும் இறுதியில் வந்து சேர்வது அந்த ஒரே வால்வில். நல்ல நிலையில் உள்ள வால்வு மூடவே ஒரு நொடியில் கால்பங்கு அளவு நேரம் பிடிக்கும். அது இன்னொரு கால் நொடி தாமதித்தால் ஏற்படும் வேக ஏற்றம், போல்ட்டுக்கும் மின்னணுவுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதையும் விழுங்கிவிடும். வால்வு மூடாமலே போனால் எந்த உணரியாலும் பயனில்லை. சேலத்தில் நேர்ந்ததும், உணர்ந்த பின் அடைக்க வேண்டிய பாகம் அடைக்காததே.

சர்க்கரை ஆலையில் வால்வு சிக்குவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. சாறு காய்ச்சும் கலங்களில் நீராவி குளிர்ந்து நீராகி, மீண்டும் கொதிகலனுக்குச் செல்கிறது. கலத்தின் குழாய் கசிந்தால் அந்த நீரில் சர்க்கரை கலக்கும். கொதிகலனின் வெப்பத்தில் சர்க்கரை சிதைந்து அமிலமாகும், நீர் நுரைக்கும், நுரையோடு உப்புகளும் நீராவியில் ஏறி வரும். அவை வால்வின் தண்டிலும் டர்பைன் இறகுகளிலும் படியும். ஆலை ஆய்வகத்தில் ஆல்பா நாப்தால் கொண்டு, ஊதா வளையம் தோன்றுகிறதா என்று திரும்பும் நீரைச் சோதிப்பது இதற்காகத்தான். அந்தச் சோதனைக்குழாய் கொதிகலனின் காவல் என்றே கருதப்படுகிறது. அது மிகைவேகப் பாதுகாப்பின் ஒரு பகுதியும் ஆகும்.

இரண்டாவது காரணம் எடுப்பு வழி. டர்பைனின் நடுவிலிருந்து சாறு காய்ச்ச நீராவி எடுக்கப்படும் குழாயில், நீராவி திரும்பிப் பாயாமல் தடுக்கும் ஒருவழி வால்வு இருக்கும். நிறுத்து வால்வு சரியாக மூடிய பிறகும் இந்த வால்வு சிக்கியிருந்தால், ஆலையின் பொது நீராவிக் குழாயிலிருந்து நீராவி பின்வழியாகப் புகுந்து டர்பைனைச் சுழற்றும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட நிலை அது. போல்ட் துள்ளினாலும் மின்னணு டிரிப் ஆனாலும் இதைத் தடுக்க முடியாது. பின்வழி நீராவி நின்றதை உறுதி செய்யாமல் சுற்றுமுறிப்பானைத் திறப்பதும் இதே ஆபத்தை வரவழைக்கும். எதிர்த்திசை மின்திறன் தெரிந்த பிறகே, அதாவது டர்பைன் மின்னாக்கியைச் சுழற்றுவது நின்று மின்னாக்கி டர்பைனைச் சுழற்றத் தொடங்கிய பிறகே, முறிப்பானைத் திறக்கும் ஒழுங்கு இதற்காக ஏற்பட்டது. அவசர மின்கோளாறுகளில் மட்டும் இந்த ஒழுங்கைக் காத்திருக்க முடியாது. அங்கே வால்வுகளின் நிலையே முடிவு செய்யும்.

மூன்றாவது காரணம் பருவம். அரைவை பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடும். கரும்பு குறைந்த ஆண்டில் இன்னும் சீக்கிரம் முடியும். மீதிக் காலம் டர்பைன் சும்மா நிற்கும். ஈரக்காற்றில் போல்ட்டும் வால்வுத் தண்டும் துருவேறும். அதே காலத்தில் மின்னணுக் கருவியைத் தாங்கும் மின்கலங்கள் கவனிப்பாரின்றி வலுவிழக்கும். கம்பி முனைகளில் பசுங்களிம்பு ஏறும். ஆண்டு முழுதும் ஓடும் பெரிய நிலையத்துக்காக எழுதப்பட்ட ஒப்பீடுகள் இந்த நீண்ட தூக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பருவத்தின் முதல் நாளே டர்பைனுக்கு மிகவும் ஆபத்தான நாள். கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்க, சோதனையைச் சுருக்க வேண்டும் என்ற நெருக்கடி மிகுந்திருப்பதும் அதே நாளில்தான்.

== சட்டத்தின் பார்வை ==

இந்தியாவில் கொதிகலனுக்கு 1923 முதல் தனிச் சட்டம் இருந்து வந்துள்ளது. அரசு ஆய்வாளர் குறித்த காலத்தில் வந்து பார்த்துச் சான்று தந்தால்தான் கொதிகலனை இயக்க முடியும். அதன் பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதை அவர் கண்ணால் காண்கிறார். அதே கூடத்தில் சில மீட்டர் தள்ளி நிற்கும் டர்பைனின் மிகைவேகப் பாதுகாப்புக்கு அத்தகைய வெளிச் சாட்சி கிடையாது. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 30-ஆம் பிரிவு, சுழலும் எந்திரங்களின் பாதுகாப்பான வேகம் மீறப்படாதிருக்கப் பயனுள்ள ஏற்பாடுகள் வேண்டும் என்று சொன்னது. ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதை எப்போது, எவ்வாறு மெய்ப்பிக்க வேண்டும் என்பது பெருமளவுக்கு உற்பத்தியாளரின் கையேட்டுக்கும் ஆலை நிர்வாகத்தின் மனசாட்சிக்கும் விடப்பட்டுள்ளது.

இதன் விளைவாகப் பாதுகாப்பு ஒரு கொள்முதல் முடிவாகச் சுருங்குகிறது. புதிய கருவி வாங்கியதே பாதுகாப்பை நிறைவேற்றியதாகக் கொள்ளப்படுகிறது. மின்னணுக் கருவியைப் பொருத்தும்போது போல்ட்டைக் கழற்றிவிடுவது சரியா என்ற கேள்வியும் செலவுக் கணக்கிலேயே தீர்க்கப்படுகிறது. முற்றிலும் தனித்தனி மின்வழங்கி, தனி உணரிகள், தனித்தனியே எண்ணெயை வடிக்கும் சொலினாய்டுகள், ஒழுங்கான சோதனை ஆகியவை உள்ள இடத்தில் போல்ட்டைக் கழற்றுவதை நியாயப்படுத்தலாம். நல்ல மின்கல அறையும், பயிற்சி பெற்ற கருவியியல் ஊழியரும் இல்லாத சிறு ஆலையில் போல்ட்டைக் கழற்றுவது, இருக்கும் ஒரு காவலை விற்றுப் பாதிக் காவலை வாங்குவது. அத்தகைய ஆலைக்குப் போல்ட்டை வைத்துக்கொண்டு மின்னணுவையும் சேர்ப்பதே பொருந்தும். இரண்டும் வெவ்வேறு காரணங்களால் பழுதாகின்றன என்பதால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

== மதிப்பீடு ==

போல்ட்டை நம்புவோர் சொல்வதில், மின்சாரத்தைச் சாராத காவல் ஒன்று வேண்டும் என்பது சரி. நரோராவும் காலைடும் அதற்குச் சான்று. போல்ட் ஒருபோதும் ஏமாற்றாது என்பது சரியன்று. சோதிக்கப்படாத போல்ட் வெறும் நம்பிக்கை. மின்னணுவை முன்னிறுத்துவோர் சொல்வதில், ஓடும்போதே சோதிக்க முடியும் என்பது பெரிய உண்மை. டூவாவில் நேர்ந்தது போன்ற சோதனை விபத்துகளைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. மூன்று தடங்கள் இருப்பதாலேயே மூன்று மடங்கு பாதுகாப்பு என்பது சரியன்று.

இரு தரப்பும் பேசாதது வால்வைப் பற்றி. பருவம் தொடங்கும் முன் நிறுத்து வால்வைக் கழற்றித் தண்டைத் துடைத்துப் பார்ப்பது, ஓடும் காலத்தில் வாரம் ஒருமுறையேனும் அதைச் சிறிதளவு அசைத்துப் பார்ப்பது, மூடும் நேரத்தை அளந்து எழுதுவது, எடுப்பு வழியின் ஒருவழி வால்வையும் அதே போல் சோதிப்பது, திரும்பும் நீரில் சர்க்கரை தென்பட்ட நாளை டர்பைன் பதிவேட்டிலும் குறிப்பது, சோதனைக்காக ஒரு காவலை விலக்கும் முன் மற்றொன்று இயங்குகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. தேவைப்படுவது நேரமும், அரைவையைச் சில மணி நேரம் தள்ளிவைக்கும் அதிகாரம் டர்பைன் பொறுப்பாளருக்கு இருப்பதும். கொதிகலனுக்கு உள்ளது போன்ற வெளிச் சாட்சி டர்பைனுக்கும் இருந்தால் அந்த அதிகாரம் தானாக வந்துசேரும்.

எனவே ஓர் ஆலையின் மிகைவேகப் பாதுகாப்பை எடைபோட, அங்கே போல்ட் உள்ளதா மின்னணு உள்ளதா என்று கேட்பது போதாது. நிறுத்து வால்வு கடைசியாக எப்போது முழுதும் மூடியது, எவ்வளவு நேரத்தில் மூடியது, யார் பார்த்தார், எந்தப் பதிவேட்டில் எழுதினார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைக்க வேண்டும். விடை உள்ள ஆலையில் பழைய போல்ட்டே போதிய காவலாக இருக்கக்கூடும். விடை இல்லாத ஆலையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும், டர்பைன் அருகில் நிற்கும் தொழிலாளிக்கு எந்த உறுதியும் தராது.